ஊருக்குப் போன பாட்டியும் மூன்று தேதிகளும்

தாப்பாவில் புறப்பட்ட பஸ் 40 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து மலையேறி, பேராக் மாநிலத்தை விட்டுப் பகாங்குக்குள் நுழைந்து, மூச்சு வாங்கி நிற்கும் முதல் ஊர் ரிங்லெட். கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. ஜன்னல் வழியாகக் காய்கறி லாரிகளையும் இரண்டு வரிசைக் கடைகளையும் பார்த்துவிட்டு, ஏரியையும் அணையையும் தாண்டித் தானா ராத்தாவுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் படம் பிடித்துக் கொண்டு போகும் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நாம். இந்தப் பக்கத்துப் போ தோட்டம் 1929ல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த மலைக்கு வந்தவர்களின் கதை எல்லாம் ஏதோ ஒரு கடுதாசியில், ஏதோ ஒரு முத்திரையில்தான் ஆரம்பமாகிறது. இன்று கூடை சுமந்து மலையில் நிற்கும் வங்காளதேசத்துத் தம்பியைக் கேட்டாலும் முதலில் பெர்மிட் தேதியைத்தான் சொல்வார்.

நான் எழுத வந்தது மலைக்கு வந்தவர்களைப் பற்றி அல்ல. மலையிலிருந்து ‘ஊருக்கு’ப் போகிறவர்களைப் பற்றி. பார்த்தே இராத கிராமத்தையும் ‘எங்க ஊரு’ என்று சொல்லுவது நம் தோட்டத்து வழக்கம். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், ‘ஒரு தடவை ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்’ என்ற ஆசையும் கூடவே வரும். பட்டணத்துக்காரர்கள் போல நான்கு நாள் போய்ச் சேலை வாங்கிக்கொண்டு திரும்புகிற பயணம் அல்ல அது. போனால் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும், சொந்தபந்தம் எல்லார் வீட்டிலும் ஒரு வேளை சாப்பிட வேண்டும், ஒரு கல்யாணம் பார்க்க வேண்டும். இந்த ஆறு மாதத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

எங்கள் லயத்தில் ஒரு பாட்டி உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவருடைய அப்பா முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். பாட்டிக்கு ஓர் அண்ணன். அந்த அண்ணன் 1970ல், பாட்டிக்கு 14 வயதாக இருந்தபோது, பினாங்கில் ‘ரஜூலா’ கப்பலேறிப் போனார். பிறகு திரும்பி வரவே இல்லை.

இளைய வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1957ல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு மனுச் செய்தவர்கள் நீல அடையாள அட்டைக்காரர்கள் ஆனார்கள். படிப்பறிவு இல்லாமலும், ‘எதற்கு இதெல்லாம்’ என்ற அலட்சியத்தாலும் விட்டுவிட்டவர்கள் சிவப்பு அட்டையோடு நின்றார்கள். 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் தட்டுமுட்டுச் சாமான்களோடு கப்பலேறினார்கள். பிறந்த நாளிலிருந்து இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதிக்காதவர்களும் அதில் இருந்தார்கள்.

பாட்டியின் அண்ணன் ஒரேயடியாகப் போகவில்லை. திரும்பி வருவதற்கான பெர்மிட் வாங்கிக் கொண்டு, ‘போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன்’ என்றுதான் போனார். அங்கே பெண் கட்டினார்கள். வயலில் அறுப்பு வந்தது. பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பெர்மிட்டில் எழுதியிருந்த தேதி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தேதி போன பிறகு எழுதிய கடுதாசிகளுக்கு அர்த்தமும் இல்லை. பாட்டியின் அம்மா சாகும்வரை, தாப்பா பஸ் வந்து நிற்கும் நேரம் வாசலில் வந்து உட்காருவாராம்.

‘தேதிதான் வாத்தியாரே எங்க அண்ணனைச் சாப்பிட்டுச்சு’ என்பார் பாட்டி. அண்ணன் இறந்த செய்தி வந்தபோதும் அதையேதான் சொன்னார்.

இப்படிப்பட்ட பாட்டி 2020 பொங்கலுக்கு ஊருக்குப் போக ஏற்பாடாயிற்று. அண்ணன் இல்லாவிட்டாலும் அண்ணன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் வேலை செய்யும் பேரன் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முடித்துவிட்டு, 2019 டிசம்பர் பள்ளி விடுமுறையில் காகிதங்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். கடப்பிதழ் புதியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் 100 வெள்ளிதான், மற்றப் பெரியவர்களுக்கு 200. ஐந்து வருடத்துக்குச் செல்லும். இந்திய மின்விசா ஒரு வருடத்துக்குக் கிடைத்திருந்தது. விமானச் சீட்டில் ஜனவரி 12ல் போய், ஜூலை 5ல் திரும்புவதாக இருந்தது.

‘ஒரு வருஷ விசா சார். பாட்டி ஆறு மாசம்தானே இருக்கப் போறாங்க’ என்றான் பேரன், பெருமையாக.

தாளின் கீழ்ப்பாகத்தைப் படித்தேன். மலேசியக் கடப்பிதழ்காரர் ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று அதில் இருந்தது. அதுதான் அப்போதைய விதி. பேரன் முகம் தொங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள், படித்த பிள்ளைகளும் உட்பட. பயணக் காகிதங்களில் ஒரே தேதி என்று நாம் நினைத்துக் கொள்வது உண்மையில் மூன்று தேதிகள். விசா எதுவரை உயிரோடு இருக்கிறது என்பது ஒன்று. அந்த விசாவில் உள்ளே போனால் எத்தனை நாள் இருக்கலாம் என்பது இன்னொன்று. திரும்பும் சீட்டில் எழுதியிருப்பது மூன்றாவது. ஒரு வருட விசா என்றால் அந்த ஒரு வருடத்துக்குள் போய் வரலாம் என்றுதான் பொருளே தவிர, ஒரு வருடம் தங்கலாம் என்று பொருள் அல்ல. அந்த வருடமும் நாம் விமானம் ஏறும் நாளிலிருந்து ஓடுவதில்லை, விசா கொடுத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். இதற்கு நேர்மாறாக 30 நாள் மின்விசாவில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி, அதற்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதற்கான தேதி. தங்கும் 30 நாள் போய் இறங்கிய நாளிலிருந்து கணக்காகும். ஒரே அரசாங்கத்தின் இரண்டு விசாக்களிலேயே கணக்கு இப்படி மாறுகிறது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கைச் சேர்த்தால் உபயோகமாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நாள் எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 90 நாள் என்றதும் பேரன் ‘அப்போ ஏப்ரல் 12’ என்றான். நான் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிப் பாட்டியின் முன்னாலேயே எண்ணினேன். போய் இறங்கும் நாளும் ஒரு நாள். ஜனவரியில் 20, பிப்ரவரியில் 29, ஏனென்றால் அது லீப் வருடம், மார்ச்சில் 31, ஆக மொத்தம் 80. மிச்சம் பத்து. ஏப்ரல் 10தான் கடைசி நாள். மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு. அந்த இரண்டு நாள் வித்தியாசத்துக்கு விமான நிலையத்தில் அபராதமும் கேள்வியும் காத்திருக்கும். கடைசி நாளையே பிடித்துக் கொள்ளாமல் ஏப்ரல் 5க்குச் சீட்டை மாற்றச் சொன்னேன். மலிவுச் சீட்டில் தேதி மாற்றினால், மாற்றும் கட்டணத்தோடு அன்றைய விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். பேரன் முணுமுணுத்துக் கொண்டே கட்டினான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரில் ஏப்ரல் 5ஐச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார்.

இன்னொரு சங்கதியும் கண்ணில் பட்டது. பாட்டியின் பெயரில், நம் எல்லாருடைய பெயரிலும் உள்ளது போல, நடுவில் ‘ஏ/பி’ இருக்கிறது. ஆண்களுக்கு ‘ஏ/எல்’. அந்தச் சாய்கோட்டை விமானச் சீட்டு வாங்கும் இடங்கள் சிலவற்றில் எழுத முடிவதில்லை. சிலர் கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்தைச் சேர்க்கிறார்கள், சிலர் எல்லாவற்றையுமே விட்டுவிடுகிறார்கள், இன்னும் சிலர் அப்பா பெயரை முன்னால் போட்டுவிடுகிறார்கள். விசா மனுவில் கடப்பிதழில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். சீட்டிலும் அதே சொற்கள், அதே எழுத்துகள் இருந்தால் வாதாட வேண்டிய வேலை இல்லை. ஓர் எழுத்துத் தப்பானாலும் சீட்டு வாங்கிய அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் போய்த் திருத்திக் கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை.

திரும்பும் சீட்டு எதற்கு, ஒருவழிச் சீட்டு வாங்கிக் கொண்டு போய், வர நினைக்கும்போது வாங்கிக் கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவுக்குச் சுற்றுப்பயண விசாவில் போகிறவர் திரும்பும் சீட்டோ, வேறு நாட்டுக்குப் போகும் சீட்டோ, செலவுக்குப் பணமோடு வர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்பது அங்கே உள்ள குடிநுழைவு அதிகாரி மட்டும் அல்ல. இங்கே பெட்டியை நிறுத்து வாங்கும் மேசையிலேயே கேட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்படும் பயணியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பொறுப்பு விமானக் கம்பெனியின் தலையில்தான் விழுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒருவழிச் சீட்டோடு போய் மேசையில் நின்று, பக்கத்தில் வரிசை நகர்ந்து கொண்டிருக்க, திரும்பும் சீட்டை அங்கேயே வாங்கினார். கொடுத்த விலையைச் சொன்னால் பாட்டிக்கு மயக்கம் வந்துவிடும்.

விசாவை வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். இந்திய அரசின் மின்விசாப் பக்கத்தைப் போலவே தோற்றம் உள்ள தரகர் பக்கங்கள் ஏராளம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணம் பிடுங்கிக் கொள்வார்கள். தேடியதும் முதலில் வந்து நிற்பதெல்லாம் அரசாங்கம் ஆகிவிடாது.

பாட்டி ஜனவரியில் திருச்சியில் போய் இறங்கினார். நான்கு மணி நேரம்தான். ‘ஏழெட்டு நாள் கப்பல்ல போனாங்களாம் வாத்தியாரே, நான் ஒரு தூக்கம் தூங்கல’ என்று அன்றிரவே போனில் சொன்னார். அண்ணன் மகன் போலீசில் ஒரு தாள் கொடுக்க வேண்டியிருந்ததாம். வெளிநாட்டார் யாரையாவது வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதி ஓட்டலுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும் உண்டு. கிராமத்தில் பல பேருக்கு இது தெரிவதில்லை. ‘சொந்த அத்தை எப்படிடா வெளிநாட்டார் ஆனாங்க’ என்று தெருவே சிரித்ததாம்.

பிறகு மார்ச் வந்தது. அந்த மார்ச்சை நாம் யாரும் மறக்கவில்லை. 13ஆம் தேதியிலிருந்து இந்தியா பெரும்பாலான வெளிநாட்டாரைப் புதிதாக உள்ளே விடவில்லை. 18ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த வாரம் முடிவதற்குள் அங்கே வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் நின்றுவிட்டன. தமிழ்நாட்டில் மலேசியர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கிக் கொண்டார்கள். பாட்டியின் ஏப்ரல் 5 சீட்டு வெறும் காகிதமாயிற்று. ஏப்ரல் 10 நெருங்கிக் கொண்டிருந்தது.

‘வாத்தியாரே, தேதி போயிடும் போலருக்கே’ என்று பாட்டி போனில் அழுதபோது, அவர் 2020ஐப் பற்றிப் பேசுகிறாரா 1970ஐப் பற்றிப் பேசுகிறாரா என்று எனக்கே புரியவில்லை. அவரோ நீல அட்டைக்காரர். குடிமகளைத் திரும்பி வரவிடாமல் எந்தத் தேதியும் தடுக்காது, அபராதம் வேண்டுமானால் வரலாம் என்று எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை. சிக்கிக் கொண்ட வெளிநாட்டாருக்கு விசாக் காலத்தைக் கட்டணம் இல்லாமல் நீட்டித் தருவதாக இந்திய அரசு அறிவித்திருந்தது. ஆனால் தானாக நீளாது, கணினி வழியாக மனுச் செய்ய வேண்டும். வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தின் காரியங்கள் 2018லிருந்தே கணினிக்கு வந்துவிட்டதால் கிராமத்தில் உட்கார்ந்தபடியே செய்ய முடிந்தது. அண்ணன் பேரன் செய்து கொடுத்தான், கல்லூரிப் பையன். பதில் வந்த தாளை அச்சிட்டுக் கையில் கொடுத்த பிறகுதான் பாட்டி சரியாகச் சாப்பிட்டாராம். ஏப்ரல் பிற்பகுதியில் சிறப்பு விமானம் ஒன்றில் இடம் கிடைத்து, வந்து, 14 நாள் தனிமையில் இருந்து, ரிங்லெட் வந்து சேர்ந்தார்.

நடக்காத பயணத்தின் சீட்டுப் பணம் மட்டும் ரொக்கமாக வரவில்லை. அடுத்த பயணத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள் என்று கடன் கணக்காக எழுதிவிட்டார்கள், அதற்கும் ஒரு தேதி போட்டு. அந்தத் தேதியும் போயிற்று.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் ஆறு மாதம் இருக்கவே முடியாதா’ என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் வேறு வழி. இந்திய வம்சாவளியினருக்கென்று என்ட்ரி விசா என்ற ஒன்று இருக்கிறது, சுற்றுப்பயண விசாவிலிருந்து அது வேறு. அதற்கும் மேலே, 2005ல் சட்டமாகி வந்த ஓ.சி.ஐ. அட்டை. அது கையில் இருந்தால் ஆயுள் முழுவதும் விசா வேண்டாம், தங்கும் நாளுக்கும் கணக்குக் கிடையாது. குடியுரிமை என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. எத்தனையாவது தலைமுறை வரை கொடுக்கிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது, ஆகவே தூதரகத்தில் கேட்டுக் கொள்வதே நல்லது. நம் தோட்டத்து மக்களுக்கு அதில் இடறுவது தலைமுறை அல்ல, தாள். அப்பாவோ தாத்தாவோ இந்தியாவிலிருந்து வந்தவர் என்று காட்ட ஏதாவது பத்திரம் வேண்டும். பாட்டியின் அப்பாவுடைய காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பழைய லயத்திலிருந்து புது வீட்டுக்கு மாறியபோது, ‘கரையான் அரித்த குப்பை’ என்று பெட்டியோடு எரித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், கரையான் தின்ற தாளாக இருந்தாலும் சரி, இன்றைக்கே இறக்கிப் பாருங்கள்.

விசா விதிகள் வருடத்துக்கு ஒரு தடவை மாறிக் கொண்டிருக்கின்றன. பாட்டிக்கு இருந்த 90 நாள் உங்கள் தாளில் வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போனபோது இருந்த கணக்கை நம்பாதீர்கள். உங்கள் பெயர் போட்டு வந்த தாளில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பெரியவர்கள், சீட்டு வாங்குவதற்கு முன்பே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய், திரும்பி வருவதற்கான அனுமதியைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். அவர்களுக்கு மட்டும் 1970 இன்னும் முடியவில்லை.

2024ல் அந்தக் கல்லூரிப் பையன் ரிங்லெட்டுக்கு வந்தான். இந்தியக் கடப்பிதழ்காரர் 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்று நம் அரசாங்கம் 2023 டிசம்பர் 1லிருந்து விட்டிருந்தது. பிறகு அது 2026 கடைசிவரை நீட்டிக்கப்பட்டது. வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் மின் வருகை அட்டையைக் கணினியில் பூர்த்தி செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பையன் எல்லாம் சரியாகவே செய்திருந்தான். அவனுடைய தாத்தா பிறந்த லயம் இருந்த இடத்தைப் பாட்டி காட்டினார். இப்போது அங்கே புதர்தான். ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக் கொண்டான்.

இரண்டாவது வாரம், காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார், ‘தம்பி சும்மாதானே இருக்கு, ரெண்டு வாரம் வந்து தக்காளி அடுக்கினா செலவுக்கு ஆகுமே’ என்று. சுற்றுப்பயணியாக வந்தவர் ஒரு நாள் கூலி வாங்கினாலும் குற்றம், கூலி கொடுத்தவருக்கும் குற்றம். இந்த மலையில் குடிநுழைவு அதிகாரிகளின் சோதனை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் வாய் திறப்பதற்கு முன் பாட்டியே, ‘வேணாம்யா, புள்ள விருந்துக்கு வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டார்.

பையனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசைதான். ஹாட்யாய் போய் ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் இன்னொரு 30 நாள் கிடைக்குமாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே விடுவதும் விடாததும் எல்லையில் இருக்கும் அதிகாரியின் முடிவு என்று நான் சொன்னேன். பாட்டி அதைக் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய் அடுப்படிக் காலண்டரைப் பார்த்தார். அவன் வந்து இறங்கிய அன்றே அதில் 28ஆவது நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். அந்த நாள் விடியற்காலையில் தாப்பா பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டு, வளைவில் பஸ் மறையும் வரை கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தார்.